குடத்துள் கையிட்ட சிறுவன்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்முன் தொடக்கப்பள்ளிச் சிறாரை அமர்த்திக் கதை சொல்லும் ஆசிரியர், மன்னனை விடுத்துக் குடத்திலிருந்து தொடங்குக. முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921இல், பொறிக்கப்பெற்ற கல்வெட்டு அது. 30 குடும்புகளிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிடுவர். உள்ளிருப்பது இன்னதென அறியாச் சிறுவன் ஒருவன் ஓரோலை எடுப்பான். அதனை வாங்குவோன் ஐவிரலும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, அவையறியப் படித்தல் வேண்டும். ஓலையை மறைக்க வழியேது?

அவ்வாறு வந்த முப்பதின்மருள் 12 பேர் ஆண்டு வாரியம் (கல்லிலோ வடசொல்!), 12 பேர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு ஆகார். கேட்குந்தோறும் நெஞ்சு நிமிரும்.

ஆயினும் கதையை அங்கே நிறுத்துவது அரைப்பொய். அது பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊரின் அவை. கால்வேலிக்கு மேல் வரிநிலம், தன் மனையில் வீடு, மறைப்பயிற்சி, 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவை ஆகியன உடையார்க்கே ஓலை. மறைப்புலமை மிக்கார்க்கு அரைக்கால் வேலியும் போதுமாம்! கூலிக்கு உழுதவன் பெயரோ, நாற்று நட்டவள் பெயரோ குடத்துள் இல்லை. “எம் பாட்டன் பெயர் இருந்ததா, ஐயா?” என ஒரு சிறுமி வினவின், ஆசிரியர் சுவரைக் காட்டி உள்ளதை உள்ளவாறே படித்துக் காட்டுக.