ஒளிப்படக் கருவிக்குள் ஒரு பூட்டு

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கணம் நடத்துகிறவனுக்கு ஒளிப்படக் கருவியோடு என்ன உறவு என்று உங்களுள் சிலர் முணுமுணுப்பது என் செவியிலும் விழுந்தது. இத்தலைப்பை எவரும் எனக்குத் தரவில்லை. நானே கேட்டுப் பெற்றேன். அதற்கொரு கரணியம் உண்டு.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இற்றைநாள் செய்தித்தாள்களுக்குப் படமெடுத்துப் பிழைக்கிறார். சில ஆண்டுகட்கு முன், ஓர் ஆற்றில் இரவோடிரவாக மணல் அள்ளப்படுவதைப் படமெடுக்கப் போனார். வழிகாட்டியவர் அவ்வூர் உழவர், முதியவர். பொறிகள் மணலைத் தோண்டுவதையும் வண்டிகள் வரிசையாய்ப் போவதையும் எடுத்த இவர், நன்றியுணர்வால் அம்முதியவர் தம் வரப்பில் அமர்ந்திருப்பதையும் ஒரு படம் எடுத்துவிட்டார். திரும்பும் வழியில் ஐந்தாறு பேர் மறித்தனர். அடிக்கவில்லை, வையவுமில்லை. கருவியை வாங்கினர், நினைவட்டையை உருவினர், தாம் கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் செருகி எல்லாப் படங்களையும் படியெடுத்துக்கொண்டனர், 'போய் வாருங்கள் தம்பி' என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர்! எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த திங்களே அம்முதியவர் நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மகள் வாழும் ஊருக்குப் போய்விட்டார். யார் வந்து என்ன சொன்னார்கள் என்பதை அவர் இன்றுவரை வாய்திறந்து சொல்லவில்லை.

அம்மாணவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு வினா கேட்டார். "ஐயா, என் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைப் பிறர் திறக்க முடியாது. பூட்டியிருக்கிறது. அதைப்போல் பன்மடங்கு விலைகொடுத்து வாங்கிய ஒளிப்படக் கருவியில் ஏன் ஒரு பூட்டு இல்லை?" எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தேடிப் படிப்பது ஆசிரியன் கடன் ஆகலின் படிக்கத் தொடங்கினேன். படித்ததைத்தான் உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் கருவியின் இயல்பைப் பாருங்கள். ஒளிப்படக் கருவி எடுக்கும் படம், எந்தக் கணினியும் படிக்கத்தக்க பொதுவடிவில் அட்டையில் பதிகிறது. அட்டையை உருவுகிறவனுக்கு எல்லாம் வெட்டவெளி. எடுத்த நாள், நேரம், சில கருவிகளில் எடுத்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு வரை படத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். அழித்துவிட்டால் போயிற்றே என்பீர்கள். அழிப்பதென்பது பெரும்பாலும் பொருளடக்கப் பக்கத்தில் தலைப்பை அடிப்பது போன்றதே. உள்ளே ஏடுகள் அப்படியே இருக்கும். அவற்றை மீட்டுத்தரும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. மேலே வேறு படங்கள் பதிந்து மூடும்வரை 'அழித்த' படம் அங்கேயே கிடக்கும்.

கைப்பேசியின் கதை வேறு. 2014-இல் ஆப்பிள் குழுமம் தன் இயங்குதளத்தின் எட்டாம் பதிப்பை வெளியிட்டபோது, படங்களும் மடல்களும் உரிமையாளரின் கடவுக்குறியோடு பிணைத்துப் பூட்டப்பட்டன. அக்குறியின்றித் தம்மாலும் திறக்கவியலாது என்று அக்குழுமமே அறிவித்தது. இரண்டாண்டு கழித்து, 2016 திசம்பரில், அமெரிக்காவின் 'பிரீடம் ஆவ் தி பிரசு பவுண்டேசன்' எனும் இதழுரிமை அறக்கட்டளை முன்னின்று ஒரு திறந்த மடல் விடுத்தது. ஆவணப்பட இயக்குநரும் செய்தி ஒளிப்படக்காரருமாக 150-க்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். கேனான், நிக்கான், சோனி, பியூசி, ஒலிம்பசு ஆகிய குழுமங்களுக்கு அவர்கள் விடுத்த வேண்டுகோள் ஒன்றே: கருவிக்குள்ளேயே மறையாக்கம் செய்து தாருங்கள்! என் மாணவர் திண்ணையில் கேட்டதும் அதுவே அன்றோ?

கையொப்பமிட்டோருள் ஒருவர் இலாரா போய்த்ராசு என்னும் அம்மையார். 'சிட்டிசன்போர்' என்னும் ஆவணப்படத்துக்கு 2015-இல் ஆசுக்கர் பரிசு பெற்றவர். ஈராக்கைப் பற்றிப் படமெடுத்த பின், 2006 முதல் 2012 வரை, தம் சொந்த நாட்டுக்குத் திரும்பும் போதெல்லாம் வானூர்தி நிலையங்களில் 50 முறைக்கும் மேலாக நிறுத்தி உசாவப்பட்டார். 2010-இல் அவருடைய கணினியும் ஒளிப்படக்கருவியும் கைப்பேசியும் பறிக்கப்பட்டு 41 நாள்கள் அலுவலரிடமே இருந்தன. எவர்மேல் குற்றமும் சாட்டப்படவில்லையோ அவரிடமே இந்நடத்தை! அவர் படங்களில் முகம் காட்டியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதனினும் கொடிய களம் சிரியா. 'சீசர்' என்னும் மறைபெயரால் உலகம் அறிந்த படைத்துறை ஒளிப்படக்காரர் ஒருவர், சிறைகளில் மாண்டோரின் உடல்களைப் படமெடுக்கும் பணியில் இருந்தவர், 53,000-க்கும் மேற்பட்ட படங்களைச் சிறு சிறு நினைவகங்களில் ஏற்றி உடையிலும் காலணியிலும் ஒளித்து வெளியே கடத்தினார். 2013 ஆகத்தில் நாட்டைவிட்டுத் தப்பினார். ஆட்சி 2024 திசம்பரில் வீழ்ந்த பிறகே, 2025-இல், தம் மெய்ப்பெயர் பரீது அல் மத்கான் என்று வெளிப்படுத்தினார். ஒவ்வொரு நாளும் சோதனைச் சாவடியைக் கடந்தவர்! ஒருநாள் அந்நினைவகம் ஒன்று அகப்பட்டிருந்தால் அப்படங்களே அவருக்குத் தூக்குக்கயிறாகியிருக்கும். இங்கே ஒன்றைப் பிரித்துணர வேண்டும். மறையாக்கம் பொருளை ஒளிப்பதன்று. பொருளின் உள்ளீட்டை ஒளிப்பது. நினைவகம் கையில் சிக்குவதை அது தடுக்காது. சிக்கியதில் என்ன இருக்கிறது, எவர் முகம் இருக்கிறது என்பதை மட்டுமே மறைக்கும். அம்முதிய உழவருக்கு அதுவே போதுமானதாய் இருந்திருக்கும்.

இனி, மறையாக்கம் என்பதுதான் என்ன? இங்குத்தான் தமிழாசிரியனுக்குச் சற்று வாய் திறக்க வழி கிடைக்கிறது. நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படிக்கிறோம். பொன்னைப் 'பறி' என்பர் பொற்கொல்லர். ஆடையைக் 'காரை' என்பர் யானைப்பாகர். குழுவுக்குள் பொருள் விளங்கும், வெளியாருக்கு விளங்காது. ஆயினும் இதில் பெருங்குறை ஒன்றுண்டு. நன்னூலுக்கு உரைகண்டவர் எழுதிவைத்துவிட்ட பிறகு, பறி என்றால் பொன் என்பது ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும்! வழி தெரிந்துவிட்டால் மறைவு ஒழிந்தது. ஆகவே நல்ல மறையாக்கம் வழியை மறைப்பதில் நிற்கக் கூடாது. வழி ஊரறிந்ததாகவே இருக்கட்டும், திறவுகோல் ஒன்று மட்டும் மறைவாய் இருந்தால் போதும் என்னும் நெறியை 1883-இலேயே கெர்க்காப்சு என்பார் பிரெஞ்சு மொழியில் எழுதினார். இன்றைய மறையாக்க முறைகள் யாவும் அந்நெறியின்மேல் நிற்பனவே. பெல்சிய நாட்டவர் இருவர் வகுத்து, 2001-இல் அமெரிக்க அரசு பொதுமுறையாய் ஏற்ற 'ஏ.இ.எசு.' என்னும் முறை உலகறிந்தது, அச்சிலும் உள்ளது. ஆனால் அதன் மிகச்சிறிய திறவுகோலுக்கே எத்தனை வகைகள் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டால் 39 இலக்கங்கள் கொண்ட எண் வருகிறது. ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பதென்பது மணலை எண்ணி முடிப்பதினும் அரிது.

ஆனால், நண்பர்களே, பூட்டும் கருவிக்குள், திறவுகோலும் கருவிக்குள் என்றால் என்ன பயன்? கருவியைப் பறிப்பவன் இரண்டையுமே பறித்துக்கொள்கிறான். இச்சிக்கலை அவிழ்த்தது 1976-இல் திப்பி, எல்மன் என்னும் அமெரிக்க அறிவியலர் இருவர் வெளியிட்ட கருத்து. பூட்டுவதற்கு ஒரு கோல், திறப்பதற்கு வேறொரு கோல்! பூட்டுங்கோலை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். அதைக்கொண்டு திறக்க முடியாது. மறுவாண்டே இரைவெசுத்து, சமீர், எடில்மன் மூவரும் பெரும் பகா எண்களைப் பெருக்கி இதனைச் செயலாக்கும் வழியைக் கண்டனர். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். போடுவது எவர்க்கும் எளிது. எடுப்பது திறவுகோல் வைத்திருப்பவர்க்கே. போட்டவனே திரும்ப எடுக்க முடியாது.

ஒளிப்படக் கருவிக்கு இவ்வுண்டியல் முறை எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! கருவிக்குள் பூட்டுங்கோல் மட்டும் இருக்கும். ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் கருவி தானே ஒரு புதிய சிறுகோலை உருவாக்கிப் படத்தை அதனாற் பூட்டும். பின் அச்சிறுகோலைப் பூட்டுங்கோலாற் பூட்டி அட்டையில் எழுதிவிட்டுத் தன் நினைவிலிருந்து துடைத்துவிடும். திறக்குங்கோல் வீட்டிலோ இதழ் அலுவலகத்திலோ இருக்கும். வழியில் மறித்துக் 'திற' என்றால், 'என்னால் முடியாது' என்பது பொய்யன்று, மெய்.

திறவுகோலைக் கருவிக்குள் வைப்பதால் வரும் கேட்டுக்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. 2007-இல் கேனான் குழுமம் தன் உயர்நிலைக் கருவிகள் சிலவற்றுக்கென ஒரு துணைக்கருவித் தொகுதி விற்றது. படத்தை மறையாக்குவதும், எடுத்த படம் பின்னர் மாற்றப்படவில்லை என்று மெய்ப்பிப்பதும் அதன் பணிகள். இவற்றுள் மெய்ப்பிக்கும் பணிக்கான மறைகோல் கருவிக்குள்ளேயே இருந்தது. அதுவும் ஒரு வகைக் கருவி அனைத்துக்கும் ஒரே கோல்! 2010-இல் உருசிய நாட்டுக் குழுமமொன்றைச் சேர்ந்த சுக்கிலியாரோவு அக்கோலைத் தோண்டி எடுத்தார். எடுத்ததோடு நில்லாமல், நிலவில் சோவியத்துக் கொடியை நடும் விண்வெளி வீரரின் பொய்ப்படத்தை உருவாக்கி, அது மாசுமறுவற்ற மூலப்படமே என்று கேனானின் சொந்த மென்பொருளே சான்றளிக்கும்படி செய்துகாட்டினார்! படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஈண்டு இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். 2023-இல் செருமனியின் இலைக்கா குழுமம் எடுத்த படத்தில் எண்ணியல் கையொப்பம் பொறிக்கும் கருவியை வெளியிட்டது; பிறரும் அவ்வழியில் வருகின்றனர். பொய்ப்படங்கள் மலிந்த இந்நாளில் அது வேண்டியதே. ஆனால் கையொப்பம் வேறு, பூட்டு வேறு. முன்னது 'இது மெய்யானது' என்று ஊரறியச் சொல்லும். பின்னது ஊரறியாமல் காக்கும். மடலில் முத்திரையிருப்பதால் பிறர் அதைப் படிக்காமலிருப்பாரா?

சரி, இத்தனை நன்மையுள்ள பூட்டைக் கருவி செய்வோர் ஏன் இன்னும் எல்லாக் கருவிகளிலும் வைக்கவில்லை? நொடிக்குப் பத்து இருபது படம் எடுக்கும் கருவியில் ஒவ்வொன்றையும் பூட்டினால் விரைவு குறையும், மின்கலம் தீரும் என்பர். கைப்பேசி அதைச் செய்கின்றதே என்பது என் விடை. இன்னொரு தடை சற்று வலியது: பூட்டிய படத்தை எடுத்தவரே பார்க்க முடியாதெனில், படம் தெளிவாய் விழுந்ததா என்று எவ்வாறு அறிவது? கருவி அணையும்வரை மட்டும் சிறுகோல்களை நினைவில் வைத்திருந்து, அணைத்ததும் துடைத்துவிடலாம். அதற்குள் பிடிபட்டால் விரல் ஒன்று பொத்தானை அழுத்தினால் போதும். வாங்குவோருள் இதைக் கேட்போர் சிலரே என்பதுதான் உள்ளபடியான தடை என்று எனக்குத் தோன்றுகிறது. காவலர் தம் சட்டையில் மாட்டிக்கொள்ளும் படக்கருவிகள் சிலவற்றில் மறையாக்கம் உள்ளமைந்தே வருகின்றது. அரசின் படத்துக்குப் பூட்டு உண்டு. குடிமக்கள் எடுக்கும் படத்துக்கு இல்லை!

சட்டத்தின் பக்கமும் நோக்க வேண்டும். மறையாக்கியதைத் திறந்து தர மறுப்போர்க்குப் பிரிட்டன் 2000-இல் இயற்றிய சட்டத்தின்படி ஈராண்டு வரை சிறை. நாட்டுக்காப்பு தொடர்பானால் ஐந்தாண்டு. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 69-ஆம் பிரிவு, ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஆகவே பூட்டு வைத்தவர் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடமாட்டார். அதனினும் கொடியதொன்று உண்டு. ஆற்றங்கரையில் மறிப்பவன் சட்டநூலைக் கொண்டு வருவதில்லை. 'என்னிடம் கோல் இல்லை' என்றால் அவன் நம்புவானா? நம்பாமல் கை ஓங்கினால்? பூட்டு படத்தைக் காக்கும்; எடுத்தவன் முதுகைக் காக்குமென்று நான் உறுதி கூற மாட்டேன். இதை மறைத்துவிட்டு உங்களிடம் பூட்டின் பெருமையை மட்டும் பேசுவது அறமன்று.

மாணவரிடம் இவையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டுத் தம் இன்றைய வழக்கத்தைச் சொன்னார். தொல்லை வருமென்று தோன்றும் இடங்களுக்குப் பெருங்கருவியை எடுத்துப்போவதில்லையாம். பூட்டுள்ள கைப்பேசியிலேயே எடுக்கிறார். முக அடையாளத்தாலும் கைரேகையாலும் திறக்கும் வசதியை நிறுத்திவிட்டு நீண்ட கடவுக்குறி வைத்திருக்கிறார். இடங்குறிக்கும் வசதியையும் அணைத்துவிடுகிறார். பெருங்கருவி தேவையானால், எடுத்தவுடன் படங்களை மறையாக்கிய வட்டுக்கு மாற்றிவிட்டு, அட்டையில் அழிப்பதோடு விடாமல், வெறுஞ்சுவரைப் படமெடுத்து எடுத்து அட்டை முழுவதையும் நிரப்பிவிடுகிறாராம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வழிகாட்டுகிறவர்களைப் படம் எடுப்பதில்லை, ஐயா," என்றார். "இப்பொழுது மட்டுமில்லை. கருவியில் பூட்டு வந்தாலும் எடுக்கமாட்டேன்."