அடியுண்ட பிள்ளையும் அன்புக் கதையும்



வெள்ளி விழா மேடையில் சிறுவர் நாவல் ஒன்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இதனைச் சிறு பொருளென்று கருத வேண்டா. பெற்றவள் கையாலேயே துன்புற்ற பிள்ளை எவ்வாறு மீண்டான் என்பதே அதன் கதை.

மிஷெல் மகோரியன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலின் பெயர் ‘குட்நைட் மிஸ்டர் டாம்’. 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள். அவ்வாறு ஒரு சிற்றூருக்கு வந்தவன் வில்லியம் என்னும் சிறுவன். உடலெங்கும் தாய் அடித்த காயங்கள். எழுத்தறியான். இரவில் படுக்கையை நனைப்பான். தான் கெட்ட பிள்ளை, ஆதலால் அடி தனக்கு உரியதே என்று நம்புகிறான். அவனை அடிப்பதற்கென ஒரு தோல்வாரையும் அவன் பையிலேயே தாய் வைத்து அனுப்பியிருக்கிறாள்.

அவனை ஏற்ற டாம் என்னும் முதியவர், மனைவியையும் மகவையும் இழந்து தனித்து வாழ்ந்தவர். அவர் அந்த வாரை அவன்மீது ஓங்கவில்லை. எழுத்தறிவித்தார், அவனது ஓவியத் திறனைப் போற்றினார். பின்னர்த் தாய் அழைக்க இலண்டன் சென்றவன், அடைபட்ட வீட்டில், இறந்துபோன பச்சிளந் தங்கையை ஏந்தியபடி கட்டுண்டு கிடக்கிறான். டாம் தேடிச் சென்று மீட்கிறார். அதன் பின்னும் தீக்கனவுகள் உடனே அகலவில்லை. மெல்ல மெல்லவே ஆறுகிறான். இறுதியில் அம்முதியவரை அப்பா என்றழைக்கிறான்.

அன்பர்களே, தன் துயரைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இத்தகைய கதை ஒன்றை உணர்த்துகிறது: குற்றம் உன்னுடையதன்று.

நம் முன்னோர் பண்ணைகளில் சாட்டையடி பட்டவர்கள். அந்தச் சாட்டையை நம் வீட்டிற்குள் நாமே கொண்டு வரலாமா? ‘அடியாத மாடு படியாது’ என்கிறோம். நம் பிள்ளைகள் மாடுகளா? நானும் பணியின் தொடக்கத்தில் பிரம்பு ஏந்தியவனே. ஒருநாள் ஒரு மாணவனைக் கை நீட்டச் சொன்னேன். உள்ளங்கையில் முன்பே தழும்பு இருந்தது. அக்கை சிறிதும் நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கியது. அன்று வைத்த பிரம்பை மீண்டும் எடுத்திலேன்.

பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் கொடுமைப்படும் பிள்ளைக்காக 1098 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். ஆயினும் சட்டத்திற்கு முன்னே சென்று நிற்க வேண்டியவர் அண்டை வீட்டாரே.

இளைஞர்களே, வாரம் ஒரு மாலை நம் பிள்ளைகளைக் கூட்டி, இத்தகைய கதைகளைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். கேட்டபின் ஒரு பிள்ளை தன் துயரைக் கூறினால், “நீ என்ன தவறு செய்தாய்?” என்று வினவாதீர்கள். அருகில் அமர்ந்து முழுதும் கேளுங்கள். கல்வி அங்கிருந்தே தொடங்குகிறது.