பட்டம்மாளும் பல்லவியும்



காஞ்சிபுரத்துத் தறிகளிலே ‘கோர்வை’ என்றொரு சொல் வழங்குகிறது. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும்போது, இரண்டின் ஊடை இழைகளையும் ஒன்றோடொன்று கோத்து இணைக்கும் முறைக்கு அப்பெயர். மிருதங்க வித்துவான்களிடமும் இதே சொல் உண்டு. சொற்கட்டுகளைக் கணக்கிட்டு அடுக்கி, தாளத்தின் குறித்த இடத்தில் பிசகாமல் கொண்டுவந்து சேர்ப்பதைக் கோர்வை என்பார்கள். எண்ணிக்கை தவறினால் இரண்டுமே கெட்டுவிடும். அந்த ஊரிலே பிறந்து, இசையின் கணக்கைத் தம் உடைமையாக்கிக்கொண்ட டி. கே. பட்டம்மாளைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அலமேலு. தந்தையார் தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதர், இசையில் ஈடுபாடு மிக்கவர். தாயார் காந்திமதி அம்மாளோ, நன்றாகப் பாடக் கூடியவர். ஆனால் சபையில் பாடுவது கிடக்கட்டும், உற்றார் உறவினர் முன்னிலையில்கூட அவர் வாய்திறந்து பாட ஆசாரம் இடங்கொடுக்கவில்லை. அக்காலத்தில் மேடையேறிய பெண்கள் பெரும்பாலும் இசையையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மற்றக் குடும்பங்களில் பெண்ணின் பாட்டு கூடத்தைத் தாண்டியதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பாவில் செல்லோ என்றொரு கருவி உண்டு. வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் மிகப் பெரியது. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிப்பது. பெண்கள் அவ்வாறு அமர்வது அடக்கமன்று என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் கருதினார்கள். கால்களை ஒருபுறமாகச் சாய்த்துக்கொண்டு, இடையூறோடு வாசித்த பெண்களும் இருந்தார்கள். அந்த எதிர்ப்புக்கிடையே 1845இல் பாரிஸ் நகரில் மேடையேறியவர் லீசா கிறிஸ்தியானி. புகழ்பெற்ற மெண்டெல்சன் அவருக்கென்றே ஒரு படைப்பைக் காணிக்கையாக்கினார். அங்கே அமரும் விதம் தடை. இங்கே சபையில் வாய்திறப்பதே தடை.

பட்டம்மாள் குருகுலவாசம் செய்தவரல்லர். கச்சேரிகளுக்குச் சென்று, கேட்ட கீர்த்தனங்களையும் இராகங்களின் போக்கையும் சகோதரர்களின் துணையோடு குறித்து வைத்துக்கொள்வார். காஞ்சிபுரத்தில் அதற்குக் குறைவில்லை. நயினாப் பிள்ளை என்று வழங்கிய சுப்பிரமணிய பிள்ளை அவ்வூரில் தியாகராஜ உற்சவத்தை நடத்திவந்தார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் புடைசூழ அமர்ந்து, கடினமான தாளங்களில் பாடியவர் அவர். கிராமபோன் தட்டுக்குப் பாட அவர் இசையவில்லை, 1934இல் மறைந்தார். ஆகவே அவர் குரலை நாம் கேட்க வழியில்லை. கேட்டவர்களின் பாட்டிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் இச்சிறுமி. பிள்ளையவர்கள் நடத்திய போட்டியொன்றில் பைரவி இராகக் கீர்த்தனம் ஒன்றைப் பாடி முதற் பரிசும் பெற்றார்.

பள்ளித் தலைமையாசிரியை தந்தையாரிடம் வற்புறுத்திப் பேசியதனால் தடை சிறிது தளர்ந்தது. 1932இல், 13ஆவது வயதில், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் பட்டம்மாள் கச்சேரி செய்தார்.

மேடை கிடைத்தது பெரிதுதான். ஆயினும் அதனினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. இராகம், தானம், பல்லவி என்னும் பகுதி ஆண் வித்துவான்களின் தனியுடைமை என்று அக்காலத்தில் கருதப்பட்டது. பெண்கள் இனிமையாகக் கீர்த்தனம் பாடினால் போதும். கணக்கு வழக்கு அவர்களுக்கு எதற்கு என்பது பலரின் எண்ணம்.

பல்லவி என்பது சாகித்தியத்தில் ஒரே ஒரு வரி. அதைத் தாளத்தில் பொருத்திவிட்டு, இராகத்தின் அழகு கெடாமல் விரிக்க வேண்டும். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. நான்கு களையில் போட்டால் 32. கையின் வேகம் மாறாதிருக்க, அந்த வரியை இருமடங்கு வேகத்தில் பாடினால் ஓர் ஆவர்த்தனத்துக்குள் இருமுறை வரும், நான்மடங்கில் நான்குமுறை. இதற்கு அனுலோமம் என்று பெயர். வரியோ தாளத்தின் தொடக்கத்திலேயே எழும்பாமல், சற்றுத் தள்ளி எடுப்பது உண்டு. எந்த வேகத்தில் சென்றாலும் அந்த எடுப்புக்கே தவறாமல் வந்து சேர வேண்டும். கை ஒரு கணக்கு, வாய் ஒரு கணக்கு! இதைச் சபைகளில் துணிந்து பாடியதனால்தான் ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் நிலைத்தது.

கணக்கில் மூழ்கி இராகத்தை மறந்தவரல்லர் அவர். அம்பி தீட்சிதரிடமும் நீதிபதி டி. எல். வேங்கடராமய்யரிடமும் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைப் பாடம் செய்தவர். விளம்ப காலத்தில் அவற்றை அவர் பாடும் நிதானமே தனி. 1939இல் வெளிவந்த ‘தியாகபூமி’ படத்தில் தேசியப் பாடல் பாடினார். பக்திப் பாட்டும் தேசியப் பாட்டும் அன்றித் திரைப்படத்தில் வேறு பாட இசையவில்லை. 1947இல் சுதந்திரம் வந்தபோது இந்த வானொலியில் பாரதியாரின் பாடலைப் பாடியதும் அவரே. 1970இல் சங்கீத கலாநிதி, 1998இல் பத்ம விபூஷண். 2009 ஜூலை 16இல், 90ஆவது வயதில், சென்னையில் காலமானார். அவரிடம் பயின்ற தம்பி டி. கே. ஜெயராமனும் 1990இல் சங்கீத கலாநிதியானார்.

நயினாப் பிள்ளைக்கு நேர்ந்ததுபோல இவர் குரல் மறைந்துவிடவில்லை. ஒலிப்பதிவுகள் பல இருக்கின்றன. அவர் பாடிய பல்லவி ஒன்று கிடைத்தால், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். எடுப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று முதல் இரண்டு ஆவர்த்தனங்களில் தெரியாமல் போகலாம். கையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.