லயத்துக் காம்பராவா, ஆஸ்பத்திரியா?

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளை மடுவத்தில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

போன கிழமை மேல் டிவிஷன் லயத்துக்குப் போயிருந்தோம். மாசமாக இருக்கும் ஒரு தங்கச்சி போனைக் காட்டி, "ஐயா, இந்தியாவுல ஊட்டுலயே புள்ள பெத்துக்கிறாங்களாம். நாங்களும் அப்படிச் செஞ்சா என்ன?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த பாட்டி, "நான் ஆறு புள்ளயும் இந்தக் காம்பராவுலதான் பெத்தேன்" என்றார். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியது எமது கடமை.

முதலில் போனில் வருவதைப் பார்ப்போம். 2018 ஜூலையில் தமிழ்நாட்டின் திருப்பூரில், யூடியூப் வீடியோவை நம்பி ஒரு குடும்பம் வீட்டிலேயே பிரசவம் பார்த்தது. பிள்ளை பிழைத்தது. ஆசிரியையாக இருந்த தாய், இரத்தப் பெருக்கால் இறந்துபோனார். அடுத்த மாதம், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோயம்புத்தூரில் கைதானார். பத்திரிகையிலும் டிவியிலும் ஒரே வாக்குவாதம். ஒரு பக்கம் "பாரம்பரியம்" என்றார்கள். மறுபக்கம் "முட்டாள்தனம்" என்றார்கள். ஆனால், தாய்க்கு இரத்தம் போனால் நிறுத்த யார் பக்கத்தில் இருந்தார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. இன்னுமொன்றையும் யோசித்துப் பாருங்கள். சுகமாகப் பெற்றவர்தான் வீடியோ போடுவார். செத்தவர் போட முடியுமா?

பாட்டி சொன்னதும் பொய்யில்லை. ஆனால் பிழைத்த பாட்டிமார்தான் இன்று நம்மோடு பேசுகிறார்கள். 1930களில் நமது நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது 30 அளவுக்குக் குறைந்திருக்கிறது. மருத்துவமாது, கிளினிக், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. இன்று நூற்றுக்கு 99 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான்.

"வெள்ளைக்கார நாட்டில் வீட்டில் பெறுகிறார்களே" என்று கேட்பீர்கள். உண்மைதான். நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் அப்படி உண்டு. ஆனால் அங்கே படித்த மருத்துவமாது கூடவே இருப்பார். ஆபத்தில்லாத தாய் என்று முன்கூட்டியே பார்த்துத்தான் விடுவார்கள். அவசரமென்றால் வாகனம் வாசலுக்கே வரும். நமது மேல் டிவிஷனில் மழை பெய்தால் லொறியே ஏறாது!

பிள்ளை பிறந்த பின் இரத்தம் பெருகினால், இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போய்விடலாம். கர்ப்பப்பை சுருங்க உடனே ஊசி வேண்டும். சில வேளை இரத்தம் ஏற்ற வேண்டும். கஷாயத்தால் அது முடியாது. கண்டியிலும் பேராதனையிலும் உள்ள பெரியாஸ்பத்திரிகளில் அதற்கு வசதி இருக்கிறது.

இருந்தாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தத் தங்கச்சியிடம் மெதுவாகப் பேசிய பிறகே உண்மைக் காரணம் வெளிவந்தது. முதல் பிள்ளைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பாஷை விளங்காமல் முழித்ததற்கு ஏசினார்களாம். "வலியவிட அந்த ஏச்சுதான் ஐயா பயமா இருக்கு" என்று அழுதார். இப்படிப் பயந்து பின்வாங்கும் தாயைக் குறை சொல்லி என்ன பயன்? மரியாதையாக நடத்தும்படி கேட்பது நமது உரிமை. அப்படி யாராவது ஏசினால் திகதியோடு எங்களிடம் சொல்லுங்கள். எழுத்தில் முறையிட நாங்கள் உதவுவோம். இம்முறை கிளினிக்குக்கு அந்தத் தங்கச்சியோடு சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்புகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மாசமென்று தெரிந்ததும் மருத்துவமாதுவிடம் பதியுங்கள். ஒரு கிளினிக்கும் தவறவிடாதீர்கள். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் துணியும் கிளினிக் அட்டையும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். மேல் டிவிஷன்காரர்கள் நாள் நெருங்குமுன்பே தோட்ட ஆபீசுக்குச் சொல்லி வாகனத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். 1990 இலக்கத்துக்குப் பேசினால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், காசு வேண்டாம். இரத்தம் பட்டால், கடுமையான தலைவலி வந்தால், கண் மங்கினால், பன்னீர்க்குடம் உடைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மாதம் கையில் கொஞ்சம் காசும், போனில் சார்ஜும், தலையில் தெளிவும் இருக்கட்டும்.

பாட்டிமாரே, உங்களை ஒதுக்கவில்லை. வலி வந்தவளுக்கு உங்கள் கை தரும் தைரியத்தை எந்த டாக்டராலும் தர முடியாது. அந்தக் கையாலேயே அவளைப் பிடித்து வாகனத்தில் ஏற்றிவிடுங்கள்.

தாயும் சேயும் சுகமாக லயத்துக்குத் திரும்பி வரட்டும்.