கரியமில வாயுக் கணக்கில் மொத்தமும் நிகரமும்

தேசிய வருமானக் கணக்கில், மொத்த உற்பத்தியிலிருந்து தேய்மானத்தைக் கழித்த பின்னரே நிகர உற்பத்தி தெரியவரும். காற்றிலிருந்து கரியமில வாயுவை அகற்றும் முயற்சிக்கும் இந்நியதி பொருந்தும். பயிர்களும் மரங்களும் வளரும்போது அவ்வாயுவை ஈர்த்துக்கொள்கின்றன. அவற்றை எரித்து மின்சாரம் பெற்று, வெளிவரும் வாயுவைப் பிடித்துப் பூமியின் ஆழத்தில் சேமித்தால், காற்றில் அதன் அளவு குறையும். எவ்வளவு குறையும் என்பதே வினா.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கப்பெற்ற 'ஆஸ்ட்ரா' என்னும் ஊரகத் தொழில்நுட்ப அமைப்பு, 1980-களின் பிற்பகுதியில் துமகூரு மாவட்டத்து ஹோசஹள்ளி கிராமத்தில், விறகிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தரும் சிறு நிலையம் ஒன்றை நிறுவியது. விளக்குக்கும் குடிநீருக்கும் மாவரைப்பதற்கும் அம்மின்சாரம் பயன்பட்டது. வெட்டிய அளவு மரம் மீண்டும் வளருமாயின், இத்தகைய நிலையத்தின் கணக்கு ஏறக்குறைய சமனாகும். ஆயினும் காற்றிலிருந்து வந்தது புகையாகக் காற்றுக்கே திரும்புவதால், அகற்றம் என்று எதுவும் இல்லை.

புகையிலுள்ள வாயுவைப் பிடித்துச் சேமிப்பதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த விறகில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரு டன் எரிந்தால் சுமார் 1.8 டன் கரியமில வாயு உண்டாகும். அதில் 90 விழுக்காட்டைப் பிடித்தால் சுமார் 1.6 டன். இது மொத்தம். உரம், லாரிப் போக்குவரத்து, வாயுவை அழுத்திச் செலுத்துதல் ஆகியவற்றால் 0.4 டன் வெளியாகிறது என்றும், மண்ணிலும் மரத்திலும் முன்பிருந்த கரிமம் குறைந்ததால் 0.5 டன் இழப்பு என்றும் கொண்டால், நிகரம் 0.7 டன்தான். கழிவுகள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவையே. எனினும் மொத்தத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

கணக்கின் எல்லையை எங்கே வரைவது என்பதும் முக்கியம். மாட்டுக்குத் தீவனமாகும் ராகித் தாளை ஆலைக்கு அனுப்பினால், மாற்றுத் தீவனம் விளைவிக்கும் செலவும் உமிழ்வும் வேறோரிடத்தில் எழும். விறகை எரிப்பதால் உண்டாகும் வாயு, 2006-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டு நெறிகளின்படி, எரிசக்தித் துறையின் கூட்டுத்தொகையில் சேராது. நிலத்தின் கணக்கிலேயே பதிவாகும். நிலத்தின் கணக்கு பிழைபட்டால், சேமிப்பின் கணக்கும் பொய்த்துவிடும்.

அமெரிக்காவின் டிகேட்டர் நகரில் 2011 முதல் 2014 வரை, மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் செய்கையில் எழும் வாயுவில் சுமார் 10 லட்சம் டன் மணற்பாறையில் செலுத்தப்பட்டது. அதுவும் மொத்தமே, சாகுபடியின் உமிழ்வையும் ஆலையின் உமிழ்வையும் கழித்தாக வேண்டும். பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் 2022-இல் கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் ஆய்வுக்கென ஒரு தேசிய மையம் அமைந்தது. பயன்பாடு வேறு, சேமிப்பு வேறு. பிடித்த வாயுவை எரிபொருளாக மாற்றினால், எரிந்தவுடன் அது காற்றுக்கே திரும்பும்.

2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவது இந்தியாவின் இலக்கு. கரிம வரவு வர்த்தகத் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டுள்ளது. வரவுக்கு விலை கிடைக்கும்போது, மொத்தத்தையே நிகரமாகக் காட்டும் ஆசை எழுவது இயல்பு. அதன் சுமை தீவனமும் விறகும் இழக்கும் சிற்றூர்களின் மீது விழும். ஆகவே மொத்தம், கழிவுகள், நிகரம், சேமிப்பின் காலம் ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதி, சார்பற்றோர் சரிபார்த்த பின்னரே வரவு வழங்குதல் முறையாகும்.