பக்கத்து வீட்டுக் கதவு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பட்டணத்து அண்டை அயலாரைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார்கள். நான் பெரிய பேச்சாளன் அல்லன். தோட்டப் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, தோட்டப் பள்ளியிலேயே பாடம் சொல்லிக் கொடுப்பவன். கண்டதைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். ஒரு வீட்டு அடுப்படியில் காலையில் சத்தம் கேட்காவிட்டால், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏன்டி, இன்னிக்கு உலை வைக்கலையா?" என்று கேட்டுவிடுவார். லயத்தில் எல்லாமே நல்லவை என்று சொல்ல வரவில்லை. குடியும் சண்டையும் அங்கே இருந்தன. ஆனால், ஒருவர் பட்டினி கிடப்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் போனதில்லை.

தோட்டம் விற்கப்பட்டது. நாங்கள் கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். ஒரே மாடியில் மலாய்க்காரர், சீனர், நாம். எல்லா வாசலிலும் இரும்புக் கதவு. படியில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அதோடு சரி.

2021-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஜூன் மாதக் கடைசியில் வெள்ளைக் கொடி இயக்கம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால், பார்ப்பவர் உதவ வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் சீனப் பெரியவரின் சன்னலில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. காயப் போட்டிருக்கிறார் என்று எண்ணி இரண்டு நாள் கடந்து போனேன். மூன்றாம் நாள் கீழ்மாடி மாக்சிக் ஏறி வந்து, "சிக்கு, அவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டார். அப்புறம்தான் கதவைத் தட்டினேன். அரிசி தீர்ந்து, பிஸ்கட்டும் தண்ணீருமாக இருந்திருக்கிறார் அந்த மனிதர்.

ஆறு வருடமாக எங்களுக்குள் ஒரே சுவர். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்னெறிக் கல்வி சொல்லிக் கொடுக்கிற ஆசிரியன் நான்!

அந்த டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. முன்பின் அறியாதவர்கள் படகோடு வந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் பல இனத்தவரும் சேர்ந்து சமைத்து அனுப்பினார்கள். ஆக, நம்மவர் மனத்தில் ஈரம் இல்லாமலில்லை. ஆபத்து வந்தால் கூடுகிறோம். ஆபத்தில்லாத நாளில்தான் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். பௌத்த மகா விகாரை, கந்தசுவாமி கோயில், பாத்திமா மாதா தேவாலயம், முஸ்லிம்களின் மதரசா எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. கோயில்கள் பக்கம் பக்கமாய் நிற்பதனால் மட்டும் மனிதர்கள் சேர்ந்துவிடுவதில்லை. பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் உண்டு. வெள்ளைக் கோலூன்றி வருபவரின் கையைப் பிடித்து யாரோ ஒருவர் சாலையைக் கடத்திவிடுகிறாரே, அந்த ஒரு நிமிடத்தில்தான் மனிதர்கள் சேர்கிறார்கள்.

1975-இல் அரசாங்கம் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா திட்டமும் இதைத்தான் காட்டியது. இரவுக் காவலுக்கென்று வந்தது அது. ஒன்றாக ரோந்து சுற்றியவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்தால் பழக்கம் தானே வரும்.

பெற்றோர்களே! தீபாவளிப் பலகாரத்தை உறவினர்களுக்கு மட்டும் பொட்டலம் கட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு போகட்டும். அங்கிருந்து வரும் தட்டை வெறுமையாய்த் திருப்பாதீர்கள்.

மாணவர்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் மாடியில் உள்ளவர்களின் பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதி வாருங்கள். எல்லாப் பெயரும் எழுதியவர்களுக்கு என் செலவில் ஆளுக்கொரு பேனா பரிசு.

இன்று அந்தச் சீனப் பெரியவரின் வீட்டுச் சாவி ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. காலையில் அவர் கதவு திறக்கவில்லை என்றால் என் அம்மா போய்த் தட்டுவார். லயத்து அக்கா கேட்ட அதே கேள்வியை, தமக்குத் தெரிந்த பசார் மலாயில் கேட்பார்.

கொடி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம், கதவைத் தட்டுங்கள்.