ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்

இத்தாலியில் பிள்ளைகளோடு இரண்டு, மூன்று மாதம் தங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

போலோன்யா நகரில் தங்கினால் மோதெனா, ஃபெராரா, பார்மா, ரவென்னா ஆகிய நான்கு ஊர்களுக்கும் நேரடி ரயில் உண்டு. வண்டி மாற வேண்டாத ஊராகப் பாருங்கள். சாதாரண ரயிலில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. முன்பதிவு செய்தாலும் குறையாது. எனவே காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் ஸ்டேஷன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும், தவறினால் அபராதம். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை.

ஒரே ஊர்தான் முடியும் என்றால் ரவென்னா போங்கள். சுமார் 1,500 ஆண்டுப் பழைய மொசைக் சித்திரங்களும் கவிஞர் தாந்தேயின் கல்லறையும் அங்கே உள்ளன. கால் வலிக்குமுன் திரும்பிவிடுங்கள். நாளைக்கும் ரயில் உண்டு.